புலிக்குப் பயந்த மாடு பருவத்துக்கு வராதா?

இலங்கை மலைநாட்டுத் தலவாக்கலைப் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பிரீசியன் கலப்பு மாடு, கன்று போட்டு ஐந்து மாதம், இன்னும் பருவத்துக்கு வரவில்லை. இரண்டு மாதத்துக்கு முந்தி ஒரு ராத்திரி பட்டிக்குப் பக்கத்தில் புலி (சிறுத்தை) வந்து நாயைத் தூக்கிக்கொண்டு போனதாம். அன்றிலிருந்து மாடு மிரளுகிறது, பாலும் குறைந்துபோனது. "பயத்தில் கருப்பை நரம்பு இறுகிவிட்டது, நரம்பு ஊசி நாலு போட்டால் சரியாகும்" என்று பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொல்லியிருக்கிறார். அது உண்மையா, பெண்களுக்கும் இதே கதைதானா என்பது கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முட்டை உண்டாகும் சூலகத்துக்கு நேரே போகும் நரம்பு அதன் வேலையையும் ஓமோன் சுரப்பையும் மாற்றுமா என்பது ஒன்று. பயம், பசி, வலி போன்றவை மூளை வழியாகப் பருவத்தை நிறுத்துமா என்பது மற்றது. இரண்டுக்கும் பதில் ஆம்தான். ஆனால் இரண்டும் வேறு வேறு பாதைகள், பலத்திலும் சமமில்லை. பருவத்தைத் தீர்மானிப்பது கருப்பையைவிடச் சூலகம்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருப்பைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சூல் வெளியான இடத்தில் உண்டாகும் மஞ்சட் சடலம் பழையதானதும் அதைக் கரைக்கும் புரொஸ்டகிளாண்டின் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அங்கே நரம்பு "இறுகி" பருவம் அடைபடுவது என்று ஒரு நோய் கிடையாது.

நேரான நரம்பிலிருந்து தொடங்குவோம். சூலகத்துக்கு வரும் நரம்புகளில் பெரும்பாலானவை பரிவு நரம்புகள், அதாவது பயம், அவசரம் வந்தால் உடம்பை உசுப்பும் நரம்புகள். மார்பு முள்ளெலும்புகள் முடிந்து இடுப்பு முள்ளெலும்புகள் தொடங்கும் மட்டத்தில் முண்ணாணை (தண்டுவடத்தை) விட்டு வெளியே வந்து, வயிற்றுக்குள் இருக்கும் நரம்புத் திரட்டுகளில் மாறி, சூலகத்துக்குப் போகின்றன. இதை நுணுக்கமாகப் பார்த்தது எலியில். அங்கே இரண்டு வழிகள் தெளிவாகத் தெரிகின்றன. ஒன்று சூலக நாடியைச் சுற்றிக்கொண்டே வந்து பெரும்பாலும் இரத்தக் குழாய்களுக்குப் போகிறது. மற்றது சூலகத்தைத் தாங்கும் இணையம் (நார்ப்பட்டை) வழியாக வந்து, ஓமோன் சுரக்கும் இழையத்துக்கும், முட்டை வளரும் புடைப்புகளின் வெளி உறைக்கும் கிளை விடுகிறது. மூளைத்தண்டிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் வேகசு நரம்பின் இழைகளும், சூலகத்திலிருந்து முண்ணாணுக்குத் திரும்பும் உணர்வு இழைகளும் கூட உண்டு. நரம்பு வழியே ஏறிப்போகும் ஒரு வைரசைச் சூலகத்தில் ஏற்றி, அது எங்கெல்லாம் போய்ச் சேருகிறது என்று பார்த்தபோது மூளைத்தண்டு, மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஐப்போதலமசு வரை தடம் கிடைத்தது. ஆகவே மூளைக்கும் சூலகத்துக்கும் இரத்தம் கலக்காத ஒரு நேர்க்கம்பி இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

அந்தக் கம்பி என்ன செய்கிறது? முனையில் நோரதிரினலீன் என்ற நரம்பு இரசாயனம் வெளிவருகிறது. கூடவே வி.ஐ.பி., நியூரோபெப்டைட் வை போன்ற சிறு புரதத் துண்டுகளும் வருகின்றன. நரம்பு இழைகள் புடைப்பின் வெளி உறையான தீக்காவோடு நின்றுவிடும். உள்ளே முட்டையைச் சுற்றியிருக்கும் கிரனுலோசா கலங்களுக்குள் நுழைவதில்லை. இருந்தும் அந்தக் கலங்களிலும், மஞ்சட் சடலத்தின் கலங்களிலும் பீட்டா-2 வகை ஏற்பிகள் இருக்கின்றன. நோரதிரினலீன் அதில் ஒட்டினால் கலத்துக்குள் செய்தி கடத்தும் சைக்கிளிக் ஏ.எம்.பி. ஏறும். மூளைக்கு அடியில் இருக்கும் கபச்சுரப்பியிலிருந்து வந்து சூலை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஓமோனும் உள்ளே அதே ஏ.எம்.பி. வழியைத்தான் பிடிக்கிறது. இதனால்தான் நரம்பு தனியாகச் செய்வது கொஞ்சம், எல்.எச். இருக்கும்போது சேர்ந்து செய்வது அதிகம். தீக்காவில் ஆண் ஓமோனான அன்ட்ரஜன் கூடுகிறது, மஞ்சட் சடலத்தில் புரொஜெஸ்தரோன் கூடுகிறது. மாட்டின் மஞ்சட் சடல இழையத்திலும் நோரதிரினலீன் புரொஜெஸ்தரோனையும் ஒட்சிடோசினையும் கூட்டுவது காட்டப்பட்டிருக்கிறது. எதிர்த்திசையும் உண்டு. எலியில் அந்த இணைய வழி நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் சூலகத்துக்கு இரத்தம் வருவது குறைகிறது, பெண் ஓமோனான ஈஸ்திரடையோலின் சுரப்பும் குறைகிறது. பிறந்த எலிக்குட்டியில் இன்னொரு வேலையும் தெரிகிறது. புடைப்புகள் உருவாகும் முன்னரே நரம்புகள் வந்து சேர்ந்துவிடுகின்றன. நோரதிரினலீனும் வி.ஐ.பி.யும் பட்ட பிறகே அந்தச் சின்னச் சூலகம், புடைப்பை வளர்க்கும் எஃப்.எஸ்.எச். ஓமோனுக்கான ஏற்பிகளை உருவாக்குகிறது என்று 1990களில் செய்த சோதனைகள் காட்டின.

ஆனால் நரம்பில்லாமல் சூலகம் வேலை செய்யும். இதைக் கேட்கிறவர்கள் அநேகமாக நம்புவதில்லை, ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன். செம்மறியாட்டின் சூலகத்தை வெட்டியெடுத்துக் கழுத்து இரத்தக் குழாய்களோடு இணைத்துவைத்த பரிசோதனைகள் பல பத்தாண்டுகளுக்கு முன்பே நடந்தன. பழைய நரம்பு ஒன்றும் இல்லாத அந்தச் சூலகம் புடைப்புகளை வளர்த்தது, எல்.எச். வந்தபோது பதில் கொடுத்தது, ஓமோன் சுரந்தது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் சூலக இழையத்தை எடுத்து உறையவைத்து, பிறகு திருப்பி வைத்த பெண்களில் முதல் குழந்தை 2004இல் பெல்ஜியத்தில் பிறந்தது. முன்கையின் தோலுக்கடியில் வைத்த துண்டுகளும் ஓமோன் சுரந்திருக்கின்றன. முள்ளந்தண்டு முறிந்து முண்ணாண் அறுந்த பெண்களுக்கு மாதவிடாய் சில மாதங்கள் நின்று, பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வருகிறது, அவர்கள் கருத்தரிக்கிறார்கள்.   ஆகவே நேர் நரம்பு சூலகத்தின் வேலையைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்கிறது. தொடங்கி வைப்பதும் நிறுத்துவதும் அதன் கையில் இல்லை.

பெண்களைப் பற்றிக் கேட்டதற்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். சூலகத்தில் பரிவு நரம்பின் வேகம் நிரந்தரமாகக் கூடினால் பல நீர்க்கட்டிகள் உள்ள சூலகம் உண்டாகுமா என்பது உயிரோடு இருக்கும் ஒரு வாதம். எலிக்கு நீண்டநேரம் நிற்கும் ஈஸ்திரஜன் ஊசி ஒன்று போட்டால் சூலகத்தில் நரம்பு வேகம் கூடும், கட்டிகள் வரும், பருவச் சக்கரம் நிற்கும். அந்த இணைய வழி நரம்பை வெட்டிவிட்டால் பல எலிகளில் சக்கரம் திரும்புகிறது. இது உறுதியான முடிவு, ஆனால் எலியில். இந்நோய் உள்ள பெண்களின் தசை நரம்புகளில் பரிவு வேகம் கூடுதலாக இருப்பது அளக்கப்பட்டிருக்கிறது. அது காரணமா, உடல் எடையோடும் இன்சுலினோடும் சேர்ந்து வரும் விளைவா என்பதில்தான் வாதம். அதை வைத்து யாரும் நரம்புச் சிகிச்சை விற்றால் நம்ப வேண்டாம். மனக்கவலையாலும், சாப்பாடு குறைந்து உழைப்பு கூடினாலும் மாதவிடாய் நிற்பது வேறு விஷயம். அது நன்றாக நிறுவப்பட்டது, அது அடுத்து வரும் மூளைப் பாதை. மூன்று மாதம் தள்ளிப்போனால் முதலில் கர்ப்பமா என்று பார்த்துவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். நரம்புத் தளர்ச்சி என்று வீட்டிலேயே பெயர் வைத்துக்கொண்டு ஆறு மாதம் இருந்துவிடுவதுதான் நடக்கிறது.

இப்போது பெரிய பாதை. ஐப்போதலமசில் சுமார் ஆயிரம், இரண்டாயிரம் நரம்புக் கலங்கள்தான் ஜி.என்.ஆர்.எச். என்ற ஓமோனைச் சுரக்கின்றன. பத்து அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய மூலக்கூறு, 1971இல் அதன் அமைப்பு தெரிந்தது. இவை நரம்புக் கலங்கள் என்பதைக் கவனியுங்கள். நரம்பு சூலகத்தை ஆள்கிறது என்று சொன்னால், அது மிகச் சரியாகப் பொருந்துவது இங்கேதான். இந்த ஓமோன் சிறு இரத்தக் குழாய்கள் வழியாகக் கபச்சுரப்பிக்குப் போய் எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் விடச் செய்கிறது. அது வருவது துடிப்புத் துடிப்பாக. 1978இல் குரங்கில் நடந்த பரிசோதனையில், மணிக்கு ஒருமுறை கொடுத்தபோது கபச்சுரப்பி வேலை செய்தது; அதே மருந்தை நிறுத்தாமல் செலுத்திக்கொண்டே இருந்தபோது எல்.எச். அடங்கிப்போனது. கதவைத் தட்டினால் திறப்பார்கள், கையை எடுக்காமல் மணியை அழுத்திக்கொண்டே நின்றால் உள்ளே இருப்பவர் மணிக் கம்பியைக் கழற்றிவிடுவார், அப்படித்தான். மாட்டில் பருவம் நெருங்கும்போது எல்.எச். துடிப்பு மணிக்கு ஒன்று என்ற அளவுக்கு வர வேண்டும். அப்போதுதான் பெரிய புடைப்பு ஈஸ்திரடையோலைப் போதிய அளவு சுரக்கும். அந்த ஈஸ்திரடையோல்தான் மாட்டைக் கத்த வைக்கிறது, ஏற விடுகிறது, எல்.எச். பெருவெள்ளத்தையும் திறக்கிறது. துடிப்பு மந்தமானால் புடைப்பு ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு வளர்ந்து, வெடிக்காமலே அழிந்து, அடுத்த கூட்டம் தொடங்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

வெளியுலகம் நரம்பு வழியாகச் சூலகத்தை எட்டுவதற்கு மிகத் தெளிவான சாட்சி முயலும் பூனையும். அவற்றுக்குப் புணர்ச்சியின் உணர்வு முண்ணாண் வழியாக மூளைக்கு ஏறி, ஜி.என்.ஆர்.எச். கொட்டி, பிறகுதான் சூல் வெளியாகும். முயலில் சுமார் 10 மணி நேரத்தில். ஒட்டக இனத்தில் இன்னொரு வேடிக்கை. லாமா, அல்பாக்காவின் விந்துத் திரவத்தில் சூல் வெளியேறத் தூண்டும் பொருள் எது என்று தேடியவர்கள், அது நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதமேதான் என்று 2012இல் கண்டார்கள். மாட்டுக்கு இந்த வித்தையெல்லாம் கிடையாது. அதற்குத் தன் சக்கரம்தான், 21 நாள், முன்பின் 18 முதல் 24.

புலி விஷயத்துக்கு வருவோம். திடீர் பயத்தில் அதிரினலீனும் கோட்டிசோலும் ஏறும், சில மணி நேரத்தில் இறங்கிவிடும். செம்மறியாட்டை லொறியில் ஏற்றி ஓட்டினால் எல்.எச். பெருவெள்ளம் தாமதமாகும், சிறுக்கும் என்பது அளந்து பார்த்த விஷயம். ஆகவே அந்த ராத்திரி உங்கள் மாடு பருவத்தின் வாசலில் நின்றிருந்தால் அந்தச் சக்கரம் கெட்டிருக்கலாம். அடுத்தது மூன்று வாரத்தில் வந்திருக்க வேண்டும். ஒரு ராத்திரிப் பயம் இரண்டு மாதம் சூலகத்தைப் பூட்டிவைக்காது. ஒவ்வொரு ராத்திரியும் நாய் குரைத்து, மாடு எழுந்து நின்று, அசை போடாமல், சரியாகத் தின்னாமல் இருந்தால் அது வேறு கணக்கு. பாலைப் பொறுத்தவரை பயம் நேராகவே தொடும். காம்பைத் தொட்டதும் நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போய் ஒட்சிடோசின் வந்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் பால் இறங்க வேண்டும். மிரண்ட மாட்டில் ஒட்சிடோசின் வெளிவருவதே தடைப்படும், அதிரினலீன் மடியிலும் அதன் வேலையை மறிக்கும். பால் மடியிலேயே நின்றால் சுரப்பும் குறைந்துபோகும்.

அடுத்து கன்று. ஐந்து மாதக் கன்று இன்னும் ஊட்டுகிறதா, பட்டியில் தாய்க்குப் பக்கத்திலேயே கட்டியிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இது முக்கியம். கன்று ஊட்டுவது எல்.எச். துடிப்பைக் குறைக்கும். காம்பு நரம்பு இழுபடுவதால் என்றுதான் முதலில் நினைத்தார்கள். மடிக்குப் போகும் நரம்புகளை வெட்டிய மாடுகளிலும் தன் கன்று கூடவே இருந்தால் பருவம் தள்ளித்தான் போனது. அந்நியக் கன்று ஊட்டியபோது அந்தத் தடை அவ்வளவாக இல்லை. கண்ணும் மூக்கும் "இது என் கன்று" என்று மூளைக்குச் சொல்வதுதான் பிடி. ஆகவே இன்னும் ஊட்டினால், கறக்கும் நேரத்தில் மட்டும் விட்டு, மற்ற நேரம் தாய் பார்க்காத, மோப்பம் பிடிக்காத இடத்தில் கட்டுங்கள். ஐந்து மாதக் கன்றைப் பாலை மறக்கடித்தாலும் தப்பில்லை, அதற்குப் புல்லும் தீனும் போதும்.

ஆனால் மலைநாட்டுப் பட்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது பயத்தையோ கன்றையோ இல்லை, தீனியையும் குளம்பையும்தான். கன்று போட்டு முதல் மாதங்களில் பாலுக்குப் போகும் சக்தி, தின்று வரும் சக்தியை மிஞ்சும். இரத்தத்தில் குளுக்கோசு, இன்சுலின், கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் குறைவதை ஐப்போதலமசு படித்து, துடிப்பை இறக்கிவிடும். 400 கிலோ கறவை மாட்டுக்கு நாளுக்கு 10 முதல் 12 கிலோ உலர்பொருள் வேண்டும். பச்சைப் புல்லில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர்பொருள், அப்படியென்றால் 50 முதல் 60 கிலோ புல். மழைக்காலப் புல்லில் தண்ணீர் இன்னும் கூட. கொழுந்து எடுத்து முடித்து வந்து வீதியோரம் அறுக்கும் ஒரு கட்டுப் புல் இதற்குக் கிட்டவும் வராது. மாசி பங்குனி வறட்சியில் அதுவும் கிடைக்காது. பின்னால் நின்று முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் பாருங்கள். இடுப்பெலும்பு கூர்ந்து, வாலடி குழி விழுந்திருந்தால், உடல் நிலைக்குக் கொடுக்கும் 5 புள்ளியில் இரண்டரைக்குக் கீழே என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மாட்டுக்கு எந்த ஊசியும் நிலைக்காது. அடிப்படைப் புல்லுக்கு மேலே, இரண்டு லீற்றர் பாலுக்கு ஒரு கிலோ அளவில் கலப்புத் தீவனம், உப்புக் கலவை 50 முதல் 100 கிராம், குடிக்க எப்போதும் தண்ணீர். தீவனத்தை ஒரே நாளில் கூட்டாதீர்கள், வயிறு புளிக்கும். வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம். ஈரச் சீமெந்துத் தரையில் நின்று குளம்பு அழுகி நொண்டும் மாட்டுக்கு எல்.எச். துடிப்பு குறைகிறது, ஈஸ்திரடையோல் குறைகிறது, பருவம் வந்தாலும் காட்டுவது குறைகிறது. வலி நரம்பு வழியாகப் போய்ச் சூலகத்தைத் தொடுவது என்றால் இதுதான். காலைத் தூக்கிப் பாருங்கள்.

குளிரைப் பற்றியும் அடிக்கடி கேட்கிறார்கள். எலியை நாளுக்கு 3 மணி நேரம் 4 பாகைக் குளிரில் சில வாரம் வைத்தால் சூலக நரம்பு வேகம் கூடிக் கட்டிகள் வருகின்றன. மாடு எலி இல்லை. தின்று கறக்கும் மாட்டுக்கு நுவரெலியா உறைபனிகூடப் பெரிதில்லை. காற்றும் நனைந்த படுக்கையும் சேர்ந்தால்தான் கஷ்டம்.

நரம்பு ஊசி என்று விற்பது பெரும்பாலும் பி1, பி6, பி12 விற்றமின்கள். மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்களே பி விற்றமின்களைச் செய்கின்றன, பி12க்குக் கோபால்ட் மட்டும் தீனியில் இருந்தால் போதும். ஐப்போதலமசின் துடிப்பையோ சூலகத்தின் பரிவு நரம்பையோ அந்த ஊசி தொடாது. போட்டால் மாடு சாகாது, காசும் இன்னொரு மாதமும்தான் போகும். போட்ட பிறகு பருவம் வந்தது என்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஐந்து மாத மாடு எப்படியும் ஒரு நாள் வரத்தான் போகிறது.

கடைசியாக, மாடு உண்மையிலேயே வரவில்லையா, வந்ததை நீங்கள் பார்க்கவில்லையா என்பது. கட்டியே வளர்க்கும் தனி மாடு ஏறிக் காட்ட வழியில்லை. பருவம் 12 முதல் 18 மணி நேரம்தான், ராத்திரியிலேயே வந்து போய்விடும். விடியல், அந்தி, படுக்கப் போகும் முன் என்று மூன்று வேளை, இருபது நிமிடம் நின்று பாருங்கள். கண்ணாடி போல வழும்பு, வீங்கிய பிறப்புறுப்பு, தீனி மறுப்பு, சும்மா கத்துவது, அன்றைக்குப் பால் குறைவது. முடிந்தால் பக்கத்து மாட்டோடு சிறிது நேரம் அவிழ்த்து விடுங்கள். வாலில் இரத்தக் கறை கண்டால் பருவம் ஒன்றிரண்டு நாளுக்கு முன் போய்விட்டது என்று அர்த்தம். அன்று ஊசிக்காரரைக் கூப்பிட வேண்டாம், திகதியைக் குறித்து 18ஆம் நாளிலிருந்து காத்திருங்கள். பருவம் தொடங்கி 28 முதல் 30 மணி நேரத்தில் சூல் வெளியாகும், ஆகவே காலையில் கண்டால் மாலையில், மாலையில் கண்டால் மறுநாள் காலையில் சினை ஊசி. போடும்போது மாட்டை அடிக்காமல், மூக்கணாங் கயிற்றை முறுக்கிப் பிடிக்காமல், பழகிய ஆள் பக்கத்தில் நிற்கட்டும்.

இரண்டு வாரம் இப்படிப் பார்த்தும் ஒன்றும் இல்லையென்றால் அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கையை விட்டுப் பார்க்காமல் இங்கே எழுதுகிற யாரும், நான் உட்பட, உங்கள் மாட்டுக்கு என்ன என்று சொல்ல முடியாது. முதலில் சினையா என்று பார்க்கச் சொல்லுங்கள். காளை தெரியாமல் ஏறிச் சினையாகி நிற்கும் மாடுகள் இந்தக் கதையில் உண்டு. சூலகத்தில் மஞ்சட் சடலம் இருந்தால் மாடு சக்கரத்தில்தான் இருக்கிறது. புரொஸ்டகிளாண்டின் ஊசி போட்டால் 2 முதல் 5 நாளில் பருவம் காட்டும். அது சினை மாட்டைக் கலைத்துவிடும் மருந்து, தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், ஆகவே கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்தப் புட்டியைத் தொடக் கூடாது. இரண்டு சூலகமும் மென்மையாகச் சிறுத்து ஒன்றும் இல்லாமல் இருந்தால் தீனி, கன்று, குளம்பு மூன்றையும் சரிசெய்துகொண்டு, புரொஜெஸ்தரோன் வெளிவிடும் கருவியை ஒரு வாரம் உள்ளே வைத்து எடுக்கும் முறையை வைத்தியர் யோசிப்பார். இரண்டரை சென்ரிமீற்றருக்கு மேலே நீர்க்கட்டி நின்றால் பெரும்பாலும் ஜி.என்.ஆர்.எச். ஊசி. வைத்தியர் வரும்போது கன்று போட்ட திகதி, நஞ்சுக்கொடி தானாக விழுந்ததா, கண்ட பருவங்கள், போட்ட சினை ஊசிகள், நாளுக்கு எத்தனை கிலோ தீவனம் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள்.